அழுகையை அடக்கும் பயிற்சி

தங்கா பத்துக் கடற்கரையில் பூட்டிக் கிடந்த பங்களாவுக்கு அவர்கள் வந்திறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம். ரப்பர்த் தோட்டத்துக் கூலிகளின் பிள்ளைகளுக்கான விடுமுறை முகாம் அங்கேதான் நடக்கும். பிள்ளைகள் மறுவாரம் வருவார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ளப் போகும் டவுன் பள்ளி மாணவிகளுக்கு அதற்குமுன் பயிற்சி.

லாரியிலிருந்து இறங்கியதுமே மனோரஞ்சிதத்தின் மூக்கில் ஏதோ ஏறியது. உப்புக் காற்று, ஊறிய பலகை, அதற்கும் அடியில் காய்ச்சல்காரப் பிள்ளையின் வியர்வை போல ஒரு வாடை. அவளுக்குப் பதினாறு வயது. தம்பிமாரை வளர்த்தவள். அந்த வாடை அவளுக்குத் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இராஜரட்ணம் மாஸ்டர் பாடத்தைத் தொடங்கினார்.

"அழுகிற பிள்ளையைத் தூக்கினால் மற்றப் பிள்ளையளும் அழத் துவங்குங்கள். தனிய விடவேணும். கதவைச் சாத்தினால் தானாய் அடங்கும்."

பின்கட்டில் தகரக் கூரை போட்ட சாமான் அறை ஒன்று இருந்தது. அழும் பிள்ளையாக நடிக்க மாணவிகளில் ஒருத்தியான யோகத்தை உள்ளே அனுப்பி, வெளியே தாழ்ப்பாள் போட்டார்.

யோகம் அழுதாள். முதலில் சிரிப்புக் கலந்த அழுகை. பிறகு சிரிப்பு நின்றது. தொண்டை வறண்டு, விக்கி விக்கி, "தண்ணி... தண்ணி..." என்றது குரல்.

மனோரஞ்சிதத்துக்குப் பொறுக்கவில்லை. "மாஸ்டர், திறவுங்கோ. அவள் பயந்திட்டாள்."

"பொறும். இப்ப அடங்கும்."

"ஆரைப் பற்றிக் கதைக்கிறியள்?" என்று பின்னாலிருந்து கேட்டது யோகத்தின் குரல். கையில் ஈரத் தாவணி. "பின்பக்கம் பலகை கழண்டிருந்தது. நான் எப்பவோ வந்திட்டன்."

உள்ளே அழுகை நிற்கவில்லை.



சமையல்கட்டிலிருந்து இருசம்மாள் வந்தாள். அந்த வருஷம்தான் சமையலுக்குச் சேர்ந்தவள், தோட்டத்துக்காரி. அதுவரை வாய் திறந்து பேசாதவள்.

"எம் மவ முனியாயி," என்றாள். "அவ சத்தம் எனக்குத் தெரியாதா? போன வருசம் அழுதான்னு இந்த வாத்தியாருதான் இதுக்குள்ள போட்டு அடைச்சுட்டு மறந்துட்டாரு. கூட இருந்த புள்ளைங்க சொல்லித்தான் தெரியும். வெயிலு. தகரம். காய்ச்சல்ல செத்துட்டான்னு வீட்டுக்கு வந்து சொன்னதும் இவருதான்."

மனோரஞ்சிதம் மாஸ்டரைப் பார்த்தாள். பயமெல்லாம் எங்கோ போய், உடம்பு முழுக்கத் தீப்பிடித்தது போலிருந்தது.

"அந்தப் பிள்ளையை அடைச்ச கையாலே எங்களுக்கும் அதையே படிப்பிக்கிறியளோ?"

"பகிடி விடுறியளோ எல்லாரும்?" மாஸ்டர் தாழ்ப்பாளை இழுத்தார். "உள்ளே ஒருத்தரும் இல்லை. பாருங்கோ."

உள்ளே போனார்.

கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் தானாக, நிதானமாக, நகர்ந்து விழுந்தது.

முதலில் அவர் அதட்டினார். பிறகு கதவை இடித்தார். பிறகு நகங்கள் பலகையைப் பிறாண்டும் சத்தம். கடைசியில் சின்னப் பிள்ளையின் குரலில், "தண்ணி..."

மனோரஞ்சிதம் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. உலைமூடி போலச் சுட்டது. மழையோ கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்கள் சொன்னால் விடுவாள். சொல்லுங்கோ."

"ஏன் சொல்லணும்?" இருசம்மாளின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "எம் புள்ள கத்துனப்போ யாரு சொன்னா?"

 கை கொப்பளித்தும் மனோரஞ்சிதம் தாழ்ப்பாளை விடவில்லை. அந்தக் கையைத்தான் இருசம்மாள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

"போதும் கண்ணு. விட்டுடு."

தாழ்ப்பாள் விலகியது. மாஸ்டர் தவழ்ந்து வந்தார். நாளெல்லாம் வெயிலில் கிடந்தவர் போல உதடுகள் வெடித்திருந்தன. அதே லாரியில் போனவர், திரும்பவில்லை. அவருக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். மனோரஞ்சிதம் அந்தப் பொய்யைக் கேட்டுப் பல்லைக் கடித்தாள்.

மாஸ்டர் போன அன்றே விறகுக் கோடாலியால் அந்தக் கதவைப் பிளந்து அடுப்பில் வைத்தாள். மற்றப் பெண்களைக் கூட்டி, "அழுகிற பிள்ளையைத் தூக்குங்கோ. இதுதான் பாடம்," என்றாள்.

மறுவாரம் பிள்ளைகள் வந்தார்கள். முதல் நாள் பந்தியில் அவள் சோறு போட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது. நெருங்கி உட்காரச் சொன்னாள். அந்தப் பக்கத்துச் சிறுமி நகரவில்லை. மேலே நிமிர்ந்து பார்த்து, கோபமாகக் கேட்டாள்:

"இந்தப் புள்ளைக்கு மட்டும் ஏன்க்கா தட்டு வைக்கல?"