உள்ளிருந்து இறுகிய சுவர்

கல்லையும் காய வைக்கும் கச்சான் காற்று வீசுகிற மாதத்தில், பூசி எத்தனையோ நாளாகியும், புது அறையின் பின்சுவர் மட்டும் காயவில்லை. றைஸா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்த ஈரமென்றால் பக்கத்துக் களப்பு நீரின் உப்பு ஏறுகிறது என்று விட்டிருப்பாள். இது காய்ச்சல்காரரின் முதுகைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. பச்சைச் சுண்ணாம்பு மணத்துக்கு அடியில், நெடுநாள் பூட்டிய அலுமாரியைத் திறந்ததும் வருமே, அந்தப் புழுங்கிய மணமும் இருந்தது.

கரைத்தீவில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு விற்கும் அக்மலை அவள் இரண்டாந்தாரமாகக் கட்டி இன்னும் வருடம் திரும்பவில்லை. போர் முடிந்து எங்கும் வீடுகள் எழும்பிய காலம். அவன் சூளை அணையவே இல்லை. முதல் மனைவி ஜுனைதா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள் திரும்பவில்லை என்று அவனும் சொன்னான், ஊரும் சொன்னது. அவள் போன வருடம் அவன் ஆள் வைக்காமல் தானே கட்டியதுதான் அந்தத் தடித்த பின்சுவர். இப்போது அதோடு மூன்று சுவர் சேர்த்து அறையாக்கி, நாலுக்கும் ஒரே சுண்ணாம்பைப் பூசியிருந்தான். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், றைஸா கூட்டி வந்த மகள் ஷிஹாராவின் கட்டிலைப் பின்சுவரோடு ஒட்டிப் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

றைஸா பேய் பிசாசுக்குப் பயந்தவள் இல்லை. சீமெந்து ஆலை ஆய்வுகூடத்தில் தூளை அரைத்து, தட்டில் அழுத்தி, எக்ஸ் கதிரில் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. திரையில் ஓடும் கோட்டில் ஒவ்வொரு கனிமமும் தனக்குரிய இடத்தில்தான் முளை விடும். மனிதரைப் போல இடம் மாறி நின்று பொய் சொல்லாது. வியாழக்கிழமை நாலு சுவரிலும், மேல்தோலில் கொஞ்சமும் பூச்சின் அடியில் கொஞ்சமும் சுரண்டிக் கொண்டுபோனாள்.

சுண்ணாம்பு கல்லாக இறுக, நாம் மூச்சில் வெளியே விடும் காபனீரொட்சைட்டு வேண்டும். அது வெளியிலிருந்து உள்ளே போவதால் முதலில் தோல்தான் இறுகும். மூன்று சுவர்களில் அப்படித்தான் இருந்தது. பின்சுவரில் தோல் இன்னும் இறுகாத பச்சை. அடி கல்.

பொட்டலம் மாறிவிட்டது என்று மறுபடி வைத்தாள். அதே முளைகள். சரியாக வேகாத சிப்பி கலந்திருக்கும் என்று பூசி மூட்டையில் மிஞ்சியதிலிருந்து எடுத்து வந்த பிடியையும் வைத்தாள். சுத்தமான பச்சைச் சுண்ணாம்பு. பக்கத்து மேசை மஸாஹிர் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“உள்ளுக்க இரிந்து ஆரோ மூச்சு விட்டிரிக்காங்க போல.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இராச்சாப்பாட்டில், ஜுனைதா கடைசியாக எப்போது கதைத்தாள் என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள். பாண் துண்டைப் பிய்த்த அக்மலின் விரல்கள் நின்றன. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்றான். பிறகு தலை நிமிராமலே, “சுவர ஆரு சுரண்டின?” என்று கேட்டான்.

“புள்ள விளையாடியிரிக்கும்.”

அக்மல் திரும்பி, உறங்கிக்கொண்டிருந்த ஷிஹாராவை நெடுநேரம் பார்த்தான். தன் பயத்துக்குத் தப்பப் பிள்ளையைக் காட்டிக் கொடுத்துவிட்டோமே என்று றைஸா விடியும்வரை தன்னையே திட்டிக்கொண்டு கிடந்தாள்.

வெள்ளி நண்பகல் அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு தொழப் பள்ளிக்குப் போனான். றைஸா மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்த மருந்துப் போத்தலை எடுத்தாள். பச்சைச் சுண்ணாம்பில் பட்டால் அது ரோஸ் நிறமாகும். இறுகியதில் பட்டால் நிறமே வராது. சுவர் முழுக்கச் சிவந்தால் எல்லாம் தன் மனப்பிராந்தி என்று இருந்துவிடலாம். இல்லாவிட்டால் மகளைத் தூக்கிக்கொண்டு எத்தாளைக்கு, உம்மா வீட்டுக்கு ஓடுவதுதான்.

தெளித்தாள்.

யன்னல் வெயிலில் சுவர் மெல்லச் சிவந்து வந்தது, மூலைக்கு மூலை, நிலத்திலிருந்து கூரைவரை. ஓரிடம் மட்டும் வெள்ளையாகவே நின்றது. அவள் வாய் இருக்கும் உயரம். ஒரு வாயின் அகலம்.

வெள்ளை விரிந்தது. நின்றது. மறுபடி விரிந்தது. ரோஸ் நிறம் விளிம்பில் வெளிறிக்கொண்டே போனது. தன் மூச்சுத்தான் படுகிறதோ என்று அவள் மூச்சை அடக்கினாள். அப்போதும் வெள்ளை விரிவது ஓயவில்லை.

பின்னால் கதவு கிரீச்சிட்டது. திரும்பினாள்.

பள்ளி ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் இன்னும் முடியவில்லை. அக்மல் வாசலில் நின்றான். முழங்கைவரை குழைத்த சுண்ணாம்பு. ஒரு கையில் நிறைந்த வாளி. மறு கையில், பக்கத்து வீட்டில் விட்டிருந்த ஷிஹாராவின் கை.

“இன்னொரு பூச்சு வேணும், றைஸா,” என்றான் அமைதியாக. “கொஞ்சம் தடிப்பாப் போடணும்.”

ஷிஹாரா அவனைப் பார்க்கவில்லை, உம்மாவையும் பார்க்கவில்லை. உம்மாவின் தோளுக்கு மேலே, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

றைஸாவின் பிடரியில் வெதுவெதுப்பான காற்றுப் பட்டது. நின்றது. மறுபடி பட்டது.