கார்பன் தின்ற வாசனை

"இது அப்பா சட்டை இல்ல!"

வாலு சட்டையைத் தூக்கி எறிந்தான். நாலு வயதுப் பையன் எறிந்தால் எவ்வளவு தூரம் போகும்? அது அவன் காலடியிலேயே விழுந்தது. அதற்கும் சேர்த்து அழுதான்.

அம்மா சட்டையை எடுத்துப் பார்த்தாள். அதே நீலக் கட்டம். வேறு நிறத்தில் தைத்த அதே இரண்டாவது பொத்தான்.

"அப்பாவோடதுதான்டா கண்ணு."

"வாசனை இல்ல!"

அக்கா சிட்டு அதை வாங்கி முகர்ந்தாள். துணியின் வாசனைகூட இல்லை. தண்ணீரை முகர்ந்தது போல இருந்தது.

மழைக்காலத்துக்கு முன்பு அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அவர் கடைசியாகப் போட்ட சட்டையை அம்மா துவைக்கவே இல்லை. வாலு தூங்கும் முன் அதில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். யாரும் பார்க்காதபோது சிட்டுவும் ஒரே ஒரு முறை முகர்ந்துகொள்வாள். நிறைய முகர்ந்தால் தீர்ந்துவிடுமோ என்று பயம்.

மழை வந்ததும் வீடெல்லாம் பூஞ்சை நாற்றம். "மழை விடட்டும், தர்றேன்" என்று அம்மா சட்டையைத் தகரப் பெட்டிக்குள் பூட்டிவைத்தாள். இன்றுதான் மழை விட்டது. இன்றுதான் பெட்டி திறந்தது.

சிட்டு பெட்டிக்குள் துழாவினாள். மூலையில் ஒரு துணி முடிச்சு கிடந்தது. அமுக்கினால் உள்ளே நறநறவென்றது.

"அம்மா, இது என்ன?"

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "சட்டையில பூஞ்சை நாத்தம் ஏறிடக்கூடாதுன்னு... நான்தான் ஆலையிலேருந்து கொஞ்சம் கார்பன் கொண்டுவந்து வெச்சேன்."

வேறு வீடாக இருந்தால் பூச்சி உருண்டை போட்டிருப்பார்கள். இது கார்பன் ஆலைக்காரர்கள் வீடு. அப்பா அங்கே உலையில் வேலை செய்தார். இப்போது அம்மா அங்கே கார்பன் சலிக்கும் வேலை செய்கிறாள்.

அப்பா ஒருமுறை சொல்லியிருந்தார். தேங்காய்ச் சிரட்டையைக் காற்று அதிகம் படாமல் எரித்தால் கரி. அந்தக் கரியைப் பெரிய உலையில் போட்டு, கடும் சூடான நீராவியைச் செலுத்தினால் கார்பன். "நீராவி கரிக்குள்ள லட்சக்கணக்கான குட்டிக் குட்டி அறை குடைஞ்சிடும். வாடகையும் கிடையாது. போற வர்ற நாத்தமெல்லாம் உள்ள குடியேறிடும்!"

நாற்றம் மட்டுமா? வாசனையும்தான். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

அம்மா பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "தினமும் அதுலதானே கிடக்கறேன். எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா?" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் பள்ளி இல்லை. சிட்டு முடிச்சை எடுத்துக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனாள். அப்பாவோடு உலையில் வேலை செய்த நண்பர் உலை மாமா வெளியே வந்தார்.

"என்னடி, வேலைக்குச் சேர வந்தியா?"

"மாமா, இதைச் சூடு பண்ணினா உள்ள இருக்கிறது வெளிய வருமா?"

"வருமே. பழைய கார்பனை அப்படித்தானே புதுசாக்கறோம். எதுக்கு?"

சிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாமா முடிச்சைக் கையில் உருட்டினார்.

"வரும்மா. ஆனா உலைச் சூட்டுல எல்லாம் கலந்து புகையாத்தான் வரும். பூஞ்சை, துரு, உங்க அப்பன், எல்லாம் ஒண்ணா."

"மெதுவா சூடு பண்ணினா?"

"அது பிடிச்சா உடும்புப் பிடி. லேசுல விடாது."

"பென்சில்ல இருக்கிறதும் கார்பன்தானாம், டீச்சர் சொன்னாங்க. என் பழைய பென்சில் டப்பாவும் அந்தப் பெட்டியிலதான் இருந்துச்சு. அது மட்டும் தின்னலையா?"

"அது தாள் தாளா அடுக்கின கார்பன். உள்ள அறை கிடையாது. விருந்தாளி வந்தா வாசலோடயே அனுப்பிடும்."

சிட்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. மாமா குனிந்து விரலால் துடைத்தார். கன்னத்தில் கரிக்கோடு விழுந்தது.

"அடடா, உனக்கு மீசை வெச்சுட்டேன்!"

சிட்டு சட்டென்று நிமிர்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். மறுபடியும் உறிஞ்சினாள்.

"என்ன, மாமா குளிக்கலேன்னு சொல்லப்போறியா?"

"அசையாதீங்க மாமா!"

கரிப்புகை. சுட்ட இரும்பு. கை கழுவும் மஞ்சள் சோப்பு. வேர்வை. அப்பா வீட்டுக்குள் நுழையும்போது வரும் வாசனை!

அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. மகளைப் பார்த்ததும் அம்மா ஓடிவந்தாள்.

"அம்மா, நீயும் இங்கதானே வேலை செய்யற? மாமா மேல வர்ற அப்பா வாசனை உன் மேல ஏன் இல்ல?"

"நான் சலிக்கிறது தயாரான கார்பன். அங்க எந்த வாசனையும் நிக்காது. மாமா இருக்கிறது உலைப் பக்கம், கரிக்கொட்டகை."

"நீ அங்க போகவே மாட்டியா?"

அம்மா சிட்டுவின் கன்னத்துக் கரியை முந்தானையால் துடைத்தாள்.

"தங்கச்சி அந்தப் பக்கமே வராது. கிடங்கைச் சுத்திக்கிட்டுத்தான் போகும்" என்றார் மாமா மெல்ல.

"அங்க போனா உங்க அப்பா நிக்கிற மாதிரியே இருக்கும்டி" என்றாள் அம்மா.

"நின்னா நல்லதுதானேம்மா?"

சிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு நாள்மா. அப்பா சட்டையைப் போட்டுக்கிட்டு அங்க வேலை செய். அந்த வாசனை சட்டையில ஏறிடும். வாலு தூங்குவான்."

மாமா கரிக்கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நாளைக்குக் கரி இறக்க ஒரு ஆள் குறையுது. மேஸ்திரிகிட்ட நான் பேசறேன். முகமூடியை மட்டும் கழட்டக்கூடாது தங்கச்சி."

மறுநாள் மாலை அம்மா வந்தாள். புடவைக்கு மேல் அப்பாவின் சட்டை. கைகளை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். நெற்றியெல்லாம் கரி. கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது.

வாலு முதலில் கதவுக்குப் பின்னால் ஒளிந்தான். பிறகு ஒரே ஓட்டமாக வந்து சட்டையில் மூக்கைத் தேய்த்தான்.

"அப்பா!" என்றான். புருவத்தைச் சுருக்கினான். இன்னொரு முறை முகர்ந்தான். "உள்ள அம்மாவும் இருக்கா!"

சிட்டுவும் முகர்ந்தாள். புகை இருந்தது, இரும்பு இருந்தது, சோப்பு இருந்தது. தோளில் தூக்கிக்கொள்ளும்போது அப்பாவின் கழுத்தருகே வரும் அந்த ஒன்று மட்டும் இல்லை. அதற்குப் பெயர்கூடக் கிடையாது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் முகர்ந்தாள்.

"அக்கா, மொத்தமும் நீயே மோந்துடாத! தீர்ந்துடும்!"

"தீர்ந்தா நான் மறுபடி போட்டுக்கிட்டுப் போறேன்டா" என்றாள் அம்மா.

"சரி, கழட்டித் தா. நான் தூங்கணும்."

"இப்பவேவா? இன்னும் வெளக்குகூடப் போடலையேடா!"

அம்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, அவனை மடியில் போட்டுக்கொண்டு முதல் பொத்தானைக் கழற்றினாள். இரண்டாவதற்குக் கை போவதற்குள், வாலு அவள் மடியில் சட்டையைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தான்.