இடது காதுக்காரி

என் இடது காது இன்னும் இருக்கிறது. கம்மல் போடலாம், கண்ணாடியின் காலை மாட்டலாம். கேட்க மட்டும் முடியாது. நரம்பில் முளைத்திருந்த கட்டியை எடுத்தபோது கேட்கும் சக்தியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். முகத்தின் இடது பாதி தொங்கிக்கொண்டிருக்க, என் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். "ஆபரேஷன் முழு வெற்றி" என்று அதில் எழுதியிருந்தது. அதைக் கசக்கி எறிந்தேன்.

ஆபரேஷன் ஆகி ஆறாவது வாரம், மே மாதத்து முதல் சனிக்கிழமை காலை, என் அண்ணன் என்னை அமெரிக்காவின் டுலூத் நகரத்து ஏரிக்கரையில் இருக்கும் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். என்னைப் போல ஆபரேஷனில் ஒரு காது போனவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் இடம் அது. மூன்றாவது மாடி. முன்பு வார்டாக இருந்த அறை. கட்டில்கள் நின்ற தடங்கள் தரையில் இன்னும் வெளுத்துக் கிடந்தன. ஈரவாடையும் அதற்கு மேல் தெளித்த மருந்து வாடையும் அடித்தன. ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி ஜன்னல் கண்ணாடியை முழுசாக மறைத்திருந்தது. தலைசுற்றல் இன்னும் தீரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனேன்.

எங்கள் கூட்டத்தில் முதல் சண்டையே நாற்காலிக்குத்தான். இடது காது போனவர்கள் இடது ஓரத்துக்கு அடித்துக்கொள்வார்கள், வலது காது போனவர்கள் வலது ஓரத்துக்கு. ஓரத்தில் உட்கார்ந்தால்தான் மற்ற எல்லாரும் கேட்கிற காதுப் பக்கம் இருப்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர் பாதிப் பேச்சுக்குச் சும்மா தலையாட்ட வேண்டியதுதான். ஆனால் அன்று இடது ஓர நாற்காலி காலியாக இருந்தது. இடது காது போன மூன்று பேர் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

நான் நேராக அதை நோக்கிப் போனேன்.

"அங்க வேண்டாம் கண்ணு. என் பக்கத்துல வா," என்றாள் வெர்னா. ஒன்பது வருஷமாக இந்தக் கூட்டத்துக்கு வருகிறவள்.

"ஏன்?"

"காத்து வரும்."

ஜன்னல் இறுக மூடியிருந்தது. நான் உட்கார்ந்தேன். என் இடது தோளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

கூட்டத்தை நடத்துகிறவள் ஹெய்டி, எங்களுக்கு ஆபரேஷன் செய்த கிளினிக்கில் சம்பளம் வாங்குகிறவள். அவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். "சந்தோஷமா ஆரம்பிப்போமா? ஆளுக்கொரு நல்ல விஷயம் சொல்லுங்க!" என்றாள்.

"நல்ல விஷயமா?" என்றாள் வெர்னா. "வீட்டுக்காரர் குறட்டை விடுறப்ப, கேக்குற காதைத் தலையணையில அமுக்கிப் படுத்துக்குவேன். சொர்க்கம்டி அது."

எல்லாரும் சிரித்தார்கள். ஆளுக்குப் பாதி வாய்தான் சிரித்தது.

அடுத்து ஆர்லோ. துறைமுகத்தில் இரும்புத்தாதுக் கப்பலுக்கு கிரேன் ஓட்டும் ஆள், மலை மாதிரி உடம்பு. ஆபரேஷன் ஆகி நாலு வாரம். பேச ஆரம்பிக்குமுன் மூக்கைத் துடைத்தான். பேசிக்கொண்டே மறுபடி துடைத்தான்.

"தப்பா நெனைக்காதீங்க. ஒரு வாரமா மூக்கு ஒழுகுது. மூணு தடவை கிளினிக்குக்கு போன் பண்ணிட்டேன். அலர்ஜின்னுட்டாங்க."

"இந்த சீசன்ல எல்லாருக்கும் வர்றதுதானே ஆர்லோ," என்று ஹெய்டி புன்னகைத்தாள்.

அப்போதுதான் கேட்டது.

என் இடது பக்கம், ஒரு பெண் குரல்.

"அவனைக் குனியச் சொல்லு."

ஒற்றைக் காதுக்காரர்களுக்குச் சத்தம் வரும் திசை தெரியாது. அடுப்படியில் நின்று யாராவது கூப்பிட்டால் நான் வீடு முழுக்கத் தேடுவேன். ஆறு வாரமாக எந்தச் சத்தத்துக்கும் எனக்குத் திசை இல்லை. இதற்கு இருந்தது. கழுத்தோரம் குளிர்ந்த மூச்சு பட்டது. ஈரக் கட்டுத்துணியின் வாடை.

திரும்பினேன். சுவர்.

"குனியச் சொல்லு. தொண்டையில உப்புக் கரிக்குதான்னு கேளு."

வலது காதை விரலால் அழுத்தி மூடினேன். ஆர்லோவின் வாய் அசைந்தது, அவன் சத்தம் நின்றுபோனது.

அவள் சத்தம் நிற்கவில்லை.

"என்னை ஒருத்தரும் கேக்கல," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒருத்தரும்."

"யாரு நீ?" என்று சுவரிடம் கிசுகிசுத்தேன்.

வெர்னா பார்த்துவிட்டாள். அவள் முகத்தின் அசைகிற பாதி வெளுத்தது.

"உனக்கும் கேக்குதா? எந்திரிச்சிடு. அது பெர்னடீன் உக்காந்த எடம்."

"வெர்னா, அந்தப் பேச்சு இங்க வேண்டாம்," என்றாள் ஹெய்டி.

"சும்மா இரு நீ!" என்று அதட்டினாள் வெர்னா. என்னிடம் திரும்பினாள். "போன நவம்பர்ல அங்கதான் உக்காந்து மூக்கைத் துடைச்சுக்கிட்டிருந்தா. ஜலதோஷம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பத்தாம் நாள் மூளைக் காய்ச்சல்ல போயிட்டா. அவ சிரிச்ச படத்தை மட்டும் சுவத்துலேர்ந்து இன்னும் எடுக்கல, பாரு."

வாசல் பக்கத்துச் சுவரில் பெரிய படம். நாற்பது வயது இருக்கலாம். படத்தின் கீழே கொட்டை எழுத்தில், "எனக்கு வாழ்க்கை திரும்பக் கிடைத்தது."

"அங்க யாரு உக்காந்தாலும் ஏதோ முனகல் கேக்கும்," என்றாள் வெர்னா. "எந்திரிச்சு ஓடிடுவோம். அவ என்ன சொல்றான்னு யாரும் நின்னு கேட்டதில்ல."

பயத்தையும் மீறிக்கொண்டு எனக்குக் கோபம் வந்தது. கிளினிக் மீது, ஹெய்டி மீது, நடுவில் ஒண்டிக்கொண்டிருந்த இந்த மூன்று பேர் மீதும். அவள் உயிரோடு இருந்தபோது கேட்காதவர்கள், செத்த பிறகும் கேட்காமல் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எழுந்தேன். பலகார மேஜையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத் தட்டை எடுத்து, தள்ளாடிக்கொண்டே ஆர்லோவிடம் போய் அவன் மடியில் வைத்தேன்.

"குனிங்க."

"என்னம்மா?"

"குனிங்கய்யா!"

குனிந்தான்.

ஒரு சொட்டு.

பிறகு இன்னொன்று. பிறகு விடாமல், சரியாக மூடாத குழாயிலிருந்து விழுவது போல. சளியின் பிசுபிசுப்பு கொஞ்சமும் இல்லை. தெளிந்த வெறும் தண்ணீர்.

"தொண்டையில உப்புக் கரிக்குதா?"

ஆர்லோ நிமிர்ந்தான். "அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"இது சளி இல்ல. மூளையைச் சுத்தி இருக்குற தண்ணி. ஆபரேஷன் பண்ண எடத்துல ஓட்டை விழுந்திருக்கு. இப்படி ஆகலாம்னு நம்மகிட்ட முன்னாடி கையெழுத்து வாங்குன காகிதத்துலயே போட்டிருந்துச்சு."

ஹெய்டி கிளினிக்குக்கு போன் செய்தாள். கேட்டுவிட்டு, "திங்கக்கிழமை காலையில வரச் சொல்றாங்க," என்றாள்.

போனை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். கோணல் வாயால் என்னென்ன சொன்னேன் என்பது முழுசாக நினைவில்லை. அச்சில் போடும்படியான வார்த்தைகளும் இல்லை. வெர்னா ஏற்கெனவே கார் சாவியை எடுத்திருந்தாள். வேறு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஆர்லோவைக் கொண்டுபோனோம். சாயங்காலத்துக்குள் மறுபடி திறந்து ஓட்டையை அடைத்தார்கள். காய்ச்சல் ஆரம்பித்திருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை தாண்டியிருக்க மாட்டான் என்றார் அங்கிருந்த டாக்டர்.

ஆர்லோ பிழைத்துவிட்டான். பெர்னடீனின் கோபம் இத்தோடு ஆறியிருக்கும் என்று நான் நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வேறு ஊரில், வேறு கிளினிக்கில், எனக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதனை. சத்தம் புகாத சின்ன அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிறு வயதுப் பெண் ஒருத்தி.

"காதுல கேக்குற வார்த்தையைத் திருப்பிச் சொல்லுங்க ஜோலீன். அவ்வளவுதான்."

குரல் வந்தது. நிதானமாக, ஒவ்வொன்றாக. நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். நான்காவது வார்த்தையை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் உள்ளே வந்தாள். முகம் குழம்பியிருந்தது.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. மெஷினே ஓடல. நீங்க என்ன, யாரோட பேரையோ சொல்லிக்கிட்டிருக்கீங்க?"

அவள் குறித்து வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தேன். ஆர்லோ. மேவிஸ். ஹோபர்ட். மேவிஸும் ஹோபர்ட்டும் யாரென்று எனக்குத் தெரியாது. இனி தேடியாக வேண்டும்.

நான்காவது பெயரை அவள் எழுதவில்லை. அது எனக்கு மட்டும்தான் கேட்டிருந்தது.

ஜோலீன்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெதுவாக முன்னால் குனிந்தேன்.

நீலப் பாவாடையில் ஒரு சொட்டு விழுந்து கறுத்தது.

அந்தப் பெண் பரிவோடு காகிதக் கைக்குட்டை ஒன்றை நீட்டினாள். "ஜலதோஷமா?" என்றாள்.

என் இடது பக்கம் யாரோ பல்லை நறநறவென்று கடித்தார்கள்.