பதினேழாம் கேபிள்

எரியக் கூடாத விளக்கு எரிந்தது.

பொங்கல் லீவு. ஒரகடம் ஃபேக்டரியில் மெயினை இறக்கியிருந்தார்கள். ஷெட்டில் ஒரு மெஷினுக்கும் உயிர் இல்லை. மூலையில் கண்ணாடி அடைத்த சர்வர் ரூம் மட்டும் பேட்டரியில் ஓடியது. வெளியே நடுப்பகல் வெயில், ஷெட்டுக்குள் இருட்டு. காற்று திரும்பினால் வல்லக்கோட்டைக் கோயில் மைக்செட் கேட்டது, திரும்பாதபோது பழைய ஆயில் வாடையும், கூரைத் தகரம் சூட்டில் முறுக்கிக்கொள்ளும் சத்தமும்தான். ரூமுக்குள், கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில், பதினேழாவது ஓட்டைக்கு மேல் பச்சை விளக்கு மின்னி மின்னி அணைவதைக் கேபிள் இழுக்கும் பிச்சையா பார்த்துக்கொண்டே நின்றார்.

"தாயி, இது என்னத்துக்கு எரியுது?"

இஞ்சினியர் பிரவீனா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். குன்றத்தூர்ப் பெண். காலையில் தன் வீட்டுப் பொங்கலை டப்பாவில் கொண்டுவந்து, ஊருக்குப் போகாத அவருக்குப் பாதி கொடுத்தவள்.

"இன்னாண்ணே, நம்பர் குடுக்குற சர்வரே இப்பத்தான் போட்டேன். அதுக்குள்ள யாரு கேக்குறது?"

இதுவரை ஒவ்வொரு மெஷினுக்கும் நெட்வொர்க் நம்பரை ஆள் உட்கார்ந்து கையால் போட்டார்கள். இனி மெஷின் தானே கேட்கும், சர்வர் தானே கொடுக்கும்.

"யாரு கேட்டாலும் குடுத்துருமா?"

"குடுத்துரும். அதுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. நம்ம ஹெச்.ஆர் மாதிரி இல்ல." சிரித்தவள் சர்வர் திரையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். ஒரு வரி வந்திருந்தது. நம்பர் இருந்தது. பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. "பதினேழு எங்கண்ணே போவுது?"

"பழைய பிரஸ் மெஷின் நின்ன குழிக்கு. பிரஸ்ஸைத் தூக்குனப்போ நாந்தான் முனையை வெட்டி, செவப்பு டேப்பு சுத்தி உள்ள போட்டேன். அதுக்கு மேல குழி நெறைய கான்கிரீட்டு ஊத்திட்டாவ. அந்தப் பக்கம் ஒண்ணுங் கெடையாது தாயி."

"அப்ப எலிக்கு நெட்டு வேணுமாம்." லேப்டாப்பை அக்குளில் இடுக்கினாள். "எவனாவது நடுவுல ஜாயின்ட் போட்டிருப்பான். பாத்துட்டு வரேன். லைட்டு மேல கண்ணு வெச்சுக்கினு இருங்க."

"வேண்டாம் தாயி. நாளைக்கு ஆளுவ வந்ததும் பாப்போம்."

"நாளைக்கு லைன் ஸ்டார்ட்டுண்ணே. இது ஓடலன்னா எனக்கு வேலை இருக்காது."

கதவு மூடியது. மெஷின்களுக்கு இடையே அவள் செல்போன் வெளிச்சம் ஆடி ஆடிச் சிறிதாகிப் போவதைப் பார்த்தபடி, செருப்புச் சத்தம் ஒவ்வொன்றாகத் தேய்வதை அவர் கண்ணாடியில் நெற்றி ஒட்டக் கேட்டுக்கொண்டிருந்தார். குழி இருந்த இடத்துக்குப் போயிருப்பாள். செருப்புச் சத்தம் நின்றது.

வெளிச்சமும் போனது.

கதவைத் திறந்து கூப்பிட்டார். "தாயி." ஷெட் முழுக்க அவர் குரல்தான் சுற்றி வந்தது. ஈர சிமெண்டின் வாடை. இந்த வெயிலில்.

திரும்பி ஓடிப்போய்ப் பதினேழாவது கேபிளைப் பெட்டியிலிருந்து பிடுங்கினார். ஓட்டை காலியானது.

விளக்கு அணையவில்லை.

கையிலிருந்த கேபிள் இழுபட்டது. இரண்டு முறை.

குழாயின் இரு முனையில் இருவர் நின்று கேபிள் இழுக்கும்போது ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது. கையால்தான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் வாங்கு, உன் பக்கம் இழு. காலமெல்லாம் அந்த இரண்டு இழுப்புக்குப் பதில் சொல்லியே பழகிய கை. அவர் யோசிக்கும் முன்பே அது வாங்கத் தொடங்கிவிட்டது.

கேபிள் வந்தது. கான்கிரீட்டுக்குள் இறுகிக் கிடக்க வேண்டியது, சுவரில் பதித்த குழாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. எதிர்முனையில் ஒருவர் ஊட்டி ஊட்டிக் கொடுத்தால்தான் கேபிள் இப்படி வரும்.

உணர்ந்ததும் ஒரு முறை வெட்டி இழுத்தார். நிறுத்து.

நிற்கவில்லை. கையும் நிற்கவில்லை. காலடியில் சுருள் சுருளாக விழுந்தது. ஈரம். சாம்பல் நிறச் சேறு. பிறகு சிவப்பு டேப்பு.

முனையில் ஒரு முடிச்சு. அவர் போடும் முடிச்சு. அதில் கட்டியிருந்தது ஒரு ஐடி கார்டு. சேற்றைத் துடைத்தார். பிரவீனா அதில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் சர்வர் ஒரு முறை ஒலித்தது. திரும்பிப் பார்த்தார். திரையில், பதினேழின் பெயர் வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு பெயர் வந்திருந்தது. எழுத்து எழுத்தாகக் கூட்டினார். முதல் இரண்டு எழுத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசி வரை கூட்டினார். கார்டில் இருந்த அதே பெயர்.

கார்டின் நீல நாடா வெளியே வரவில்லை. விறைத்தபடி குழாய்க்குள் போயிருந்தது. அந்தப் பக்கம் கனமாக ஏதோ இருந்தது. சூடாகவும் இருந்தது, நாடா வழியே கைக்கு அது தெரிந்தது.

குழாய் இரண்டு விரல் அகலம்.

நாடா இழுபட்டது. ஒன்று.

அதோடு நிற்கட்டும். முருகா, அதோடு நிற்கட்டும்.

இரண்டு.

அவர் கை வாங்கத் தொடங்கியது.