இரண்டும் நாற்பதும்

பீலஃபெல்ட் என்று ஓர் ஊரே கிடையாது என்பது ஜெர்மனி முழுக்கச் சொல்லிச் சிரிக்கும் பழைய கிண்டல். அந்த இல்லாத ஊரில், ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகலில், நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் டாக்டர் இர்ம்ட்ரௌட் கோஸ்டர்ஸ் வந்து பென்னோ ஓல்ட்மன்ஸின் சமையலறையில் உட்கார்ந்தார். முப்பது வருடம் பசுவுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்த கைகள் அவருடையவை. இன்று அவை ஒரு புத்தகத்தையும் ஒரு கடிதத்தின் நகலையும் மேசைமேல் வைத்தன.

ஓல்ட்மன்ஸ், போலீஸில் கள்ள ஆவணங்களைக் கண்டுபிடிக்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் மகா சிக்கனம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கடவுள் அவருடைய பக்கத்து வீட்டில் வீப்கே தோம்ஸைக் குடிவைத்திருந்தார். நாற்பது வயதுத் தபால்காரி. காலைத் தபாலைப் போட்டு முடித்ததும் ஊர் வம்பைச் சுமந்துகொண்டு இங்கே வந்துவிடுவாள்.

"இன்னைக்கு நாலு மணிக்கு என்னைப் பொய்க்காரின்னு முடிவு பண்ணப் போறாங்க" என்றார் கோஸ்டர்ஸ்.

"யாரு டாக்டரம்மா?" வீப்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கோஸ்டர்ஸ் ஆறு வருடம் பாடுபட்டு ஒரு போர் விளையாட்டை உருவாக்கியிருந்தார். வரைபடம், அட்டைக் காய்கள், பகடை. 1941 நவம்பரில் கிழக்கே சோவியத் நாட்டுக்குள் நடந்துபோன ஒரு ஜெர்மன் காலாட்படைப் பிரிவின் கதை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்ல அதை வாங்கிக்கொள்வதாக ஊர் அருங்காட்சியகம் சொல்லியிருந்தது.

"ஜெர்மன் படைன்னாலே எல்லாருக்கும் டாங்கிதான் ஞாபகம் வருது. அந்தப் பிரிவுல ஐயாயிரம் குதிரை இருந்துச்சு. பீரங்கியை இழுத்தது குதிரை, ரொட்டியை இழுத்தது குதிரை. குதிரை விழுந்தா படையும் நின்னுடும்."

"அத்தனை குதிரையும் எதைத் தின்னுச்சு?" என்றாள் வீப்கே.

"அப்படிக் கேளுங்க. போற வழியில இருந்த கிராமத்துச் சனங்களோட தானியத்தை."

முந்தாநாள் அருங்காட்சியகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. 'ஆவணக் காப்பகத்துக்கு நேரில் சென்று, அப்பிரிவின் குதிரை மருத்துவப் பதிவேட்டைக் கண்ணால் பார்த்து எழுதியவன் நான்' என்று ஆரம்பித்தது அது. கோஸ்டர்ஸ் விளையாட்டின் விதிப்புத்தகத்தில் அச்சிட்ட தினசரிக் குதிரைச் சாவுகள் புரட்டு என்று சொல்லி, 'உண்மையான' எண்களை வரிசையாகக் கொடுத்திருந்தது. பதிவேடோ பழுதுபார்க்கப் போயிருக்கிறது, திரும்பிவர இரண்டு மாதமாகும். அதுவரை காத்திருக்க அருங்காட்சியகம் தயாராக இல்லை. இவருடையது போனால், ஏதோ ஒரு கம்பெனியின் பளபளப்பான டாங்கி விளையாட்டு அந்த இடத்துக்கு வந்துவிடும். அதில் பசி கிடையாது, கிராமமும் கிடையாது.

ஓல்ட்மன்ஸ் விதிப்புத்தகத்தையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நவம்பர் 15 முதல் 21 வரை கோஸ்டர்ஸின் எண்கள் 42, 30, 56, 44, 37, 28, 12. கடிதத்தில் 24, 30, 65, 44, 73, 82, 12.

"நீங்க எப்படி எழுதினீங்க?"

"காப்பகத்துலயே உட்கார்ந்து, பென்சில்ல, பார்த்துப் பார்த்து எழுதினேன். பத்தொன்பதாம் தேதி ஏடு மட்டும் கிழிஞ்சு போயிருந்துச்சு. முன்னும் பின்னும் பார்த்து நானே ஏழும் முப்பதும்னு போட்டுப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் வச்சேன். புத்தகக் கடைசியில பொடி எழுத்துல அதைச் சொல்லியும் இருக்கேன்."

முப்பத்தேழை இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். முதலில் ஒன்றுகள், பிறகுதான் பத்துகள். பிறந்ததிலிருந்து பழகியதால் அதில் அவர்களுக்கு ஒரு விசித்திரமும் தெரியாது.

"இந்த எண்களை வேற யாருக்காவது கொடுத்தீங்களா?"

"நோட்டு என் பையை விட்டு வெளிய போனதே இல்ல. அச்சகத்துக்காரருக்கு மட்டும் போன மாசம் எங்க போர் விளையாட்டுக் கிளப் சமையலறையில இருந்து போன்ல வாசிச்சேன். அச்சாகி வந்ததை நோட்டோட ஒப்பிட்டுத் திருத்திட்டேன்."

"அப்ப சமையலறையில யார் இருந்தா?"

"ஹார்ம்ஸ் பொம்மைக்குச் சாயம் பூசற தூரிகையைக் கழுவிட்டிருந்தார். தலைவர் டீமன் காபி போட்டுட்டிருந்தார்."

"ஹார்ம்ஸா? டாங்கிப் பைத்தியமாச்சே!" வீப்கே துள்ளி எழுந்தாள். "வேற என்ன வேணும்? ஆளைப் பிடிச்சாச்சு!"

ஓல்ட்மன்ஸ் காப்பகத்துக்குப் போன் போட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார், நன்றி சொல்லி வைத்துவிட்டார். மணி ஒன்றரை.

கிளப் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. ஈரக் கோட்டும் வார்னிஷும் காபியும் கலந்த வாசம். நடுமேசையில் கோஸ்டர்ஸின் விளையாட்டு விரித்திருந்தது. அதைச் சுற்றி மூன்று நாற்காலிகள். ஒன்று ஜெர்மன் படைக்கு, இன்னொன்று சோவியத் படைக்கு. மூன்றாவது கிராமத்துக்கு. கிராமத்துக்காரராக ஆடுபவர் தானியத்தை ஒளிக்கலாம், பனிக்காலத்தைத் தாண்டப் பார்க்கலாம். ஜெயிக்க மட்டும் முடியாது. அதனால் அதில் யாரும் உட்காருவதில்லை. எல்லோருடைய பைகளும் அந்த நாற்காலியில்தான் குவிந்து கிடந்தன.

வீப்கே அலமாரியிலிருந்து கொழுத்த டாங்கிப் பொம்மை ஒன்றை எடுத்து வரைபடத்தில் வைத்துப் பார்த்தாள். "எடுங்கம்மா அதை!" என்று ஒரு குரல் பாய்ந்து வந்தது. டெட்லெஃப் ஹார்ம்ஸ், மூக்கில் பச்சைச் சாயம். "அது டைகர்! இங்க நடக்கறது நாற்பத்தொண்ணு நவம்பர். டைகர் சண்டைக்கு வந்ததே அடுத்த வருஷக் கோடைக் கடைசியிலதான். பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைக்கிறீங்களே!"

"அடேயப்பா. ஒரு பொம்மைக்கா இவ்வளவு?"

"டாங்கியில எத்தனை ஆணின்னு எண்ணற எங்களை ஆணி எண்ணிகள்னுதான் கூப்பிடுவாங்க. கூப்பிடட்டும். எண்ணினா சரியா எண்ணணும்."

"டாக்டரம்மா விளையாட்டு உங்களுக்குப் பிடிக்குமா?" என்று ஓல்ட்மன்ஸ் கேட்டார்.

"துளிகூடப் பிடிக்காது. பலகை முழுக்கக் குதிரைச் சாணி. ஆனா எல்லாம் சரியா இருக்கு. அதுதான் வயித்தெரிச்சல்."

கிளப் தலைவர் ஏவால்ட் டீமன் வெண்ணெய்க் கேக்குத் தட்டோடு வந்தார். எழுபது தாண்டியவர், மெல்லிய குரல், எல்லோருக்கும் நல்லவர். "பாவம், ஆறு வருஷ உழைப்பு" என்று கோஸ்டர்ஸின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பக்கத்து மேசை ஆட்டத்தின் புள்ளியை எழுதக் கரும்பலகைக்குப் போனார்.

"ஆறும் நாற்பதும்!" என்று கத்தினார் ஹார்ம்ஸ்.

டீமன் இடம் விட்டு முதலில் 6 எழுதினார். பிறகு அதற்கு இடப்பக்கத்தில் 4 போட்டார்.

"நானும் இப்படித்தான் எழுதுவேன்" என்று சிரித்தாள் வீப்கே. "டீச்சர் திட்டித் தீர்ப்பாங்க."

ஓல்ட்மன்ஸ் சிரிக்கவில்லை. கேக்கு டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டப்பா தன்னுடையது என்பதற்கு அடையாளமாக டீமன் அதில் தன் பெயரின் முதல் எழுத்தான T-யைப் போட்டிருந்தார். காலின் அடியில் தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு. ஓல்ட்மன்ஸ் விளையாட்டின் அட்டைக் கட்டைப் புரட்டி, 'தீவனப் பறிமுதல்' என்ற அட்டையை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றரைக்கு அருங்காட்சியகத்தின் கெஸீன் ஊல்மன் வந்தார். கெட்ட மனுஷி அல்ல. ஆனால் பத்திரிகைக்குப் பயந்தவர். "எனக்கு வேற வழியில்லை, டாக்டர். போலி ஆவணம்னு பேர் வந்தா அருங்காட்சியகத்தோட மானம் போயிடும். நாலு மணிக்கு நான் விளையாட்டை வாங்கலைன்னு பத்திரிகைக்கு அறிக்கை அனுப்பியாகணும்" என்றார். கோஸ்டர்ஸின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. அறிக்கை போய்விட்டால் அப்புறம் பதிவேடே வந்து சாட்சி சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்?

"அரை மணி இருக்கு. எல்லாரும் உட்காருங்க" என்றார் ஓல்ட்மன்ஸ். "வீப்கே, உங்க கைப்பேசியை எடுங்க. நான் சொல்றதை நிறுத்தாம தட்டிட்டே வாங்க."

அவர் கடகடவென்று வாசித்தார். "இரண்டும் நாற்பதும். முப்பது. ஆறும் ஐம்பதும். நாலும் நாற்பதும்…" வீப்கேயின் விரல்கள் பறந்தன. முடிந்ததும் அவள் திரையைப் பார்த்தாள், வாய் பிளந்தது.

"24, 30, 65, 44… கடவுளே, இது அந்தக் கடுதாசியில இருக்கற எண்ணாச்சே!"

"காகிதம்னா இடம் விட்டு ஒன்றுகளை முதல்ல எழுதி, பத்தை அப்புறம் இடப்பக்கம் போட்டுக்கலாம். கைப்பேசியில இடம் விட முடியாது. இரண்டுன்னு காதுல விழுந்ததும் விரல் இரண்டைத் தட்டிடும். முப்பது தப்பாது, பன்னிரண்டுக்குத் தனிப் பேர் இருக்கு, 44 திரும்பினாலும் 44தான். மத்த நாலும் தலைகீழ். கண்ணால பார்த்து எழுதறவன் நாலு தடவை இப்படித் தப்பு பண்ண மாட்டான். கடிதம் எழுதினவர் பதிவேட்டைப் பார்க்கலை. யாரோ வாசிக்கறதைக் காதால கேட்டிருக்கார்."

"ஒருவேளை டாக்டரே காதால கேட்டு எழுதித் திருப்பிப் போட்டிருந்தா?" என்று கேட்டார் ஊல்மன். நியாயமான கேள்விதான்.

"அதுக்கு 19-ஆம் தேதி பதில் சொல்லும். கடிதத்துல 73. கண்ணால பார்த்தேன்னு சொல்றார். காப்பகத்துல கேட்டேன். அந்தத் தேதிக்கு ஏடே இல்லை. பல வருஷம் முன்னாடியே கிழிஞ்சு போனதுன்னு அவங்க பட்டியல்ல இருக்கு. 37ங்கறது டாக்டர் தானா யோசிச்சுப் போட்ட எண். அது அவங்க நோட்டுல இருந்துச்சு, புத்தகத்துல இருக்கு, சமையலறையில அவங்க வாய்ல இருந்து வந்துச்சு. உலகத்துல வேற எங்கயும் இல்லை. இல்லாத ஏட்டுல அந்த எண்ணைத் திருப்பிப் போட்டு இவர் எப்படிப் பார்த்தார்?"

ஊல்மன் பொடி எழுத்துப் பக்கத்தைத் தேடிப் படித்தார். காதுமடல் வரை சிவந்துபோனார்.

வீப்கே, ஹார்ம்ஸ் பக்கம் திரும்பினாள். "அப்ப சமையலறையில தூரிகை கழுவின ஐயா…"

"அவசரப்படாதீங்க. கடிதத்தோட இரண்டாம் பக்கம். 'அந்த நவம்பரில் டைகர் டாங்கிகள் உதவிக்கு வந்துகொண்டிருந்தன. குதிரைகளை நம்பிப் படை இல்லை.'"

"என்னது!" ஹார்ம்ஸுக்குத் தன்மேல் விழுந்த பழியைவிட அந்த வாக்கியம்தான் சுட்டது. "எந்த முட்டாள் எழுதினான் அதை?"

"பார்த்தீங்களா. இவர் கழுத்தை அறுத்தாலும் இப்படி ஒரு தப்பை எழுத மாட்டார்."

சமையலறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். எல்லோரும் டீமனைப் பார்த்தார்கள். அவர் கேக்குக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"குதிரை எண்ணிக்கையைப் பத்திப் புகார் சொல்ற கடிதம் எப்படி முடியுதுன்னு பாருங்க" என்றார் ஓல்ட்மன்ஸ், குரலைத் தாழ்த்தி. "'தீவனப் பறிமுதல் அட்டையை உடனே நீக்க வேண்டும்.' சாவு எண்ணிக்கைக்கும் அந்த அட்டைக்கும் என்ன சம்பந்தம்னு யோசிச்சேன்." அவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பதிவேட்டில் தீவனத்துக்குப் பொறுப்பான சார்ஜென்ட் போட்ட ஒற்றை எழுத்துக் கையொப்பத்தைக் கோஸ்டர்ஸ் பென்சிலில் அப்படியே வரைந்து அச்சிட்டிருந்தார். அது ஒரு T. காலில் தூண்டில் முள். பக்கத்தில் கேக்கு டப்பாவின் மூடியை வைத்தார் ஓல்ட்மன்ஸ்.

கோஸ்டர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏவால்ட்… சத்தியமா எனக்குத் தெரியாது. வெறும் T-ன்னுதான் இருந்துச்சு."

"எனக்குத் தெரியும்" என்றார் டீமன். "என் ரேங்க் கார்டுல எல்லாம் அப்பா அப்படித்தான் கையெழுத்துப் போடுவார். ஆசைப்பட்டு நானும் பழகிட்டேன்." கத்தியைக் கீழே வைத்தார். "யாரையும் சுட்டதே இல்லடா, குதிரைக்குத் தீனி போட்டேன், அவ்வளவுதான்னு சொல்லுவார். அதை எத்தனை பேர்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன்! மாதிரி அட்டையைப் பார்த்த அன்னைக்கு என் தூக்கம் போச்சு. எங்கயாவது ஒரு பொய் அகப்படாதான்னு நீங்க வாசிச்சதைக் கைப்பேசியில தட்டி வச்சேன். புத்தகம் வந்ததும் பார்த்தா எண்ணெல்லாம் வேற. பொய்க்காரி நீங்கதான்னு மனசார நம்பினேன், இர்ம்ட்ரௌட். நம்பணும்னு இருந்துச்சு."

"என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாமே" என்றார் கோஸ்டர்ஸ். கோபம் இருந்தது, கண்ணீரும் இருந்தது. "முப்பது வருஷமா உங்க கையால காபி குடிக்கிறேன்."

டீமன் மூடியை எடுத்துக் கேக்கு டப்பாவை மூடினார்.

நான்கு மணிக்கு ஊல்மன் அறிக்கையை அனுப்பினார். விளையாட்டை வாங்குவது உறுதி, ஓர் அட்டைகூட நீக்கப்படாது என்று இரண்டே வரி. பிறகு கோஸ்டர்ஸிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் தலையாட்டினார்; இப்போதுதான் மழைக்கோட்டைக் கழற்றினார்.

"ஒரு சுற்று ஆடிப் பார்க்கலாமா?" ஊல்மன் சங்கடத்தோடு கேட்டார். "எப்படி இருக்கும்னு நான் இன்னும் பார்க்கவே இல்லை."

ஹார்ம்ஸ் முனகிக்கொண்டே ஜெர்மன் படை நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரில் வீப்கே. மூன்றாவது நாற்காலியைக் காலி என்று விட்டுவிட்டு ஊல்மன் பகடையை எடுக்கப் போனார். கோட்டை மாட்டிக்கொண்டு கதவு வரை போன டீமன் திரும்பி வந்தார். பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். கிராமத்தின் நாற்காலியில் உட்கார்ந்தார். வேண்டாம் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மூன்றாவது முறை வந்தபோது ஹார்ம்ஸின் குதிரைகளுக்குப் பசித்தது. அவர் கட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார், பார்த்தார், டீமன் பக்கம் தள்ளினார்.

டீமன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "நவம்பர் 22. கிராமத்தில் மீதமிருந்த ஓட்ஸ் முழுவதும் எடுக்கப்பட்டது. எதிர்ப்பு இல்லை." கடைசியில் இருந்த ஒற்றை எழுத்தையும் விடவில்லை. "டீமன்" என்று முழுப்பெயராகவே படித்தார். பிறகு தன் முன்னால் இருந்த தானியக் காய்களை, ஒன்றுகூட ஒளிக்காமல், ஹார்ம்ஸ் பக்கம் நகர்த்தி வைத்தார்.