சுவரைப் படமெடுத்தவன்

வெராக்ரூஸ் துறைமுகத்து மீன் சந்தையில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சங்கரா மீன்களுக்கு ஐஸ் தூவிக்கொண்டிருந்த டெல்பினா நிமிர்ந்தாள். எதிரே ஒருவன் காமிராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, பாசி பிடித்த அந்தச் சுவரை உருகி உருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால்... காமிராவின் பக்கவாட்டில் இன்னொரு லென்ஸ்! அது அவளையல்லவா பார்க்கிறது!

"யோவ் காமிராக்காரரே! சுவத்துல அப்படி என்னய்யா அழகு?"

காமிராக்காரன் எவரிஸ்தோவின் முகம் சிவந்துவிட்டது. "அது... சொல்லிட்டு எடுத்தா முகம் மாறிடுதுங்க. அதான்..."

"மாறட்டுமே! என் முகம்தானே? ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீரு?"

அவனுடைய புகைப்படங்களுக்குத் தலைநகரில் ஏக மதிப்பு. மீனவர்களைப் பற்றி சினிமா எடுக்கச் சொல்லி அரசாங்கமே அனுப்பியிருந்தது. ஆனால் மறுநாள் ஒரு பெண்கூட நடிக்க வரவில்லை. யாரும் போகக்கூடாது என்று டெல்பினா சொல்லிவிட்டாளாம்!

அன்று மாலையே கடைக்கு வந்து நின்றான். "அந்த பிலிமை அழிச்சுட்டேங்க. இனிமே நேரா நின்னு, கேட்டுத்தான் எடுப்பேன்."

பாவி மனுஷன்... அந்தக் கண்களைப் பார்த்த பிறகு எப்படிக் கோபப்படுவதாம்?

படப்பிடிப்பு நடந்தது. அவன் வாயைத் திறந்தால் "அசையாதீங்க!" தான்.

"இது சினிமாவா, போட்டோவா? எங்களைக் கருவாடு மாதிரி காயப்போடறீங்களே!" என்பாள் டெல்பினா. அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் ஒரு கிண்டலை யோசித்து வைத்துக்கொண்டு வந்தாள். அவன் மனதில் என்ன இருக்கிறதோ... ஒன்றும் சொல்லவில்லையே!

கடைசிக் காட்சி. எடுத்து முடித்ததும் ரயிலேறிவிடுவான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"படகுத்துறை ஓரத்துல நில்லுங்க. கடலைப் பாருங்க. அசையாதீங்க!"

காமிராவின் கைப்பிடியைச் சுழற்றத் தொடங்கினான். மழை வலுத்தது. அவள் நின்றாள். இது முடிந்தால் போய்விடுவான்... அப்புறம்?

சட்டென்று திரும்பி அவனை நோக்கி நடந்தாள்.

"ஐயோ, நில்லுங்க!"

நிற்கவில்லை. நனைந்த சால்வை காமிராவில் இடிக்கும்வரை வந்துவிட்டாள்.

"காட்சியே பாழாப்போச்சே, டெல்பினா!"

"போகட்டும். உங்களைப் புடிச்சிருக்குன்னு அங்கேருந்து கத்தவா சொல்றீங்க?"

கைப்பிடி நின்றது.

"தினமும் டிக்கெட் எடுக்க ஸ்டேஷனுக்குப் போறேன்... எடுக்காமலே திரும்பி வந்துடறேன்."

"ஏனாம்?"

"உன்னை விட்டுட்டு எப்படி டெல்பினா போவேன்?"