துள்ளாத பந்து

மிட்சிக்கு வாய் சும்மா இருக்காது. ஏன், எப்படி என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். வியன்னாவில் எங்கள் ஃபாவொரிட்டன் பேட்டையில், அவள் வருவதைக் கண்டால் ரொட்டிக்கடைக்காரர்கூட அவசர வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவார்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு கேள்வி அவளைப் போட்டுக் குடைந்தது. எங்கள் பேட்டைச் சிறுவர் கால்பந்து அணி ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறது?

கோச் லேசுப்பட்ட ஆளில்லை. டுசெக்! நாட்டுக்காக ஆடி, கோல் மேல் கோல் போட்டவர். முழங்கால் கெட்டுப்போனதால் ஆட்டத்தை விட்டுவிட்டு, அப்போதுதான் கோச்சாகியிருந்தார். வந்த முதல் நாளே சொந்தக் காசில் புத்தம் புதுத் தோல் பந்து வாங்கிக் கொடுத்தார். பையன்கள் அதற்கு முத்தம்கூடக் கொடுத்தார்கள்.

ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் அடிதான்.

"வர்ற ஞாயித்துக்கிழமையும் தோத்தா, டுசெக்கை கிளப்புல இருந்து அனுப்பிடுவாங்களாம்" என்றான் மிட்சியின் அண்ணன் வென்சல். அவன்தான் கோல்கீப்பர்.

மிட்சிக்குத் திக்கென்றது. அவளுடைய கேள்விகளுக்கு அலுக்காமல் பதில் சொல்பவர் டுசெக் ஒருவர்தான்.

மறுநாள் பயிற்சியைப் பார்க்கப் போனாள். ஆளாளுக்குத் தோல் பந்தை வானத்துக்கு உதைத்தார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி ஓடி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். இரண்டு பேருக்கு மண்டை வீங்கியது.

சாயங்காலம் அதே பையன்கள் அவள் வீட்டு முற்றத்தில், கம்பளம் தட்டும் கம்பியைக் கோல் போஸ்ட்டாக வைத்துக்கொண்டு துணிப்பந்தில் விளையாடினார்கள். ஆட்டம் அவ்வளவு அழகாக இருந்தது! மிட்சிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

ஆனால் அதை எப்படிச் சொல்வது? 'நீங்க குடுத்த பந்துதான் கெடுக்குது' என்று சொன்னால் அவர் மனசு என்ன பாடுபடும்?

ஆட்டக்காரர்கள் கூடும் காப்பிக்கடைக்கே போனாள். டுசெக் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"கோச், ஒண்ணு கேக்கலாமா?"

"நீ ஒண்ணோட விடற ஆளா? கேளு."

"சின்ன வயசுல உங்ககிட்ட தோல் பந்து இருந்துச்சா?"

"தோல் பந்தா! அதுக்கு எங்க போறது? அம்மாவோட கிழிஞ்ச சாக்ஸ்ல கந்தைத்துணியை அடைச்சு உருட்டுவோம். அதனாலதான் இந்தப் பசங்களுக்காவது நல்ல பந்து கிடைக்கட்டும்னு வாங்கினேன்."

"துணிப்பந்து துள்ளுமா?"

"எங்க துள்ளும்? பொத்துன்னு விழும்."

"அப்ப எப்படித் தூக்கி அடிப்பீங்க?"

"தூக்கி அடிக்கவே முடியாதே! தரையோட தரையா, ஒருத்தனுக்கு ஒருத்தன் தட்டிக் குடுத்து..."

டுசெக் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்க முற்றத்துல பசங்க இன்னமும் அப்படித்தான் ஆடறாங்க. வந்து பாக்கறீங்களா?" என்றாள் மிட்சி.

முற்றத்துக் கதவோரம் நின்று அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆசையா வாங்கினேனே, மிட்சி."

"நல்ல பந்துதான் கோச். ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்கு வேணும். அதுவரைக்கும் அதுக்கு லீவு விடலாமே?"

டுசெக் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த வாரம் முழுவதும் துணிப்பந்துதான். உதைத்த உதையில் பந்துகள் கிழிந்துகொண்டே இருந்தன. பேட்டை அம்மாக்கள் எல்லோரும் சாக்ஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். "என் பொண்ணுதான் இதுக்கெல்லாம் காரணம்" என்று மிட்சியின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை, கடைசிப் பயிற்சியில் கடைசிப் பந்தும் பிய்ந்தது. பையன்கள் விழித்தார்கள். டுசெக் பெஞ்சில் உட்கார்ந்தார், ஷூவைக் கழற்றினார், தன் கம்பளி சாக்ஸையே உருவினார்.

"என்னடா வேடிக்கை பாக்கறீங்க? துணியைக் கொண்டாங்கடா!"

மதியம் மேட்ச். எதிரணிப் பையன்கள் பந்து மேலே வரும் என்று காத்திருந்தார்கள். அதுவோ அவர்கள் கால்களுக்கு நடுவே ஓடியது. வென்சலிடமிருந்து கிளம்பிய பந்து கைமாறுவதுபோல் கால்மாறிக் கால்மாறி வலைக்குள் போய் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. எதிரணியால் ஒன்றுதான் திருப்பித் தர முடிந்தது.

மிட்சி கத்திய கத்தலில் அவள் தொண்டை கட்டிவிட்டது.

கிளப் செயலாளர் லாங்கர் கைகுலுக்க வந்தார். குளிரில் சிவந்துபோன டுசெக்கின் கணுக்காலைப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன டுசெக், உங்க சாக்ஸ் எங்கே?"

டுசெக் மைதானத்தில் குதித்துக்கொண்டிருந்த பையன்களைக் காட்டினார்.

"அதோ, ஜெயிச்சுட்டுக் குதிக்குது பாருங்க."

செயலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னமோ போங்க. அடுத்த வருஷம் பூரா நீங்க இங்க நிக்கணும், காலு விறைச்சுப்போகும். கிளப் செலவுல ரெண்டு ஜோடி வாங்கிக்குங்க" என்றார்.

மிட்சி கட்டிய தொண்டையோடு முன்னால் வந்தாள்.

"அப்ப பந்துக்கு?"